கொக்குமேட்டுக்கு ஒரு மரவெட்டி

குமாரவேல் தன் ஆயுளில் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. வாசல் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்ட வருடம், "வெட்டித் தொலையேன்யா" என்று அவன் மனைவி முத்தம்மா நாள் தவறாமல் கத்தினாள். அவன் கொம்பில் துணியைச் சுற்றிக் கொளுத்திப் பூச்சியை விரட்டினானே ஒழிய, கிளையில் கத்தி வைக்கவில்லை. அப்படிப்பட்டவனைத்தான், எண்ணூர்க் கழிமுகத்துக் காட்டையே மொட்டையடிக்கக் காத்திருந்த மகா மரவெட்டி என்று ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு பெயிண்ட் கம்பெனி நம்பியது. நம்பியதோடு நிற்காமல், அந்த மரவெட்டியை அடக்கிப் பூமியைக் காப்பாற்றியதாகப் பேரும் வாங்கிக்கொண்டது.

ஆளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். தாட்டியான உடம்பு, சாம்பல் காற்றில் எப்போதும் சிவந்திருக்கும் கண்கள், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. ஆடி மாதக் கூத்தில் எமன் வேஷம் அவனைவிட்டு வேறு ஆளுக்குப் போனதில்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டால் கோழிக்கும் வழி விட்டு நடக்கிறவன்.

அவன் பிறந்தது கொக்குமேட்டுக்குப்பம். பாதி ஊர் கடலுக்குப் போகும், மீதி ஊர் ஆற்றில் வலை கட்டும். குமாரவேல் ஆற்றுக்காரன். ஆற்றில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. அதற்குப் பாடு உண்டு. பாடு என்றால் முறை. பங்குனியில் ஒரு நாள், எல்லையம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்யும். பாடு இருக்கிறவன் ஊரில் ஒரு ஆள். பாடு இல்லாதவன் அடுத்தவன் வலையை இழுத்துக் கூலி வாங்குகிறவன். பெண் கேட்கப் போனால்கூட அவனை வாசலில் நிறுத்தித்தான் பேசுவார்கள்.

குமாரவேலின் அப்பனுக்குப் பாடு இருந்தது, அப்பனின் அப்பனுக்கும் இருந்தது. அவனிடம் சொத்து என்று கேட்டால் அதைத்தான் சொல்வான்.

ஆற்றின் லட்சணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்து வெந்நீர் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அதன் நிலக்கரிச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய், மாதம் ஒரு இடத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட மிகவும் பக்குவமான சூட்டில் ஆறு ஓடியது. மீன்தான் அந்த வசதியைப் புரிந்துகொள்ளாமல் செத்தது. எறாவும் நண்டும் கொஞ்சமாவது மிஞ்சியது ஊருக்குப் பின்னால் இருந்த கண்டல் காட்டு ஓரத்தில் மட்டும். புத்தகம் படித்தவர்கள் அதை அலையாத்திக் காடு என்பார்கள். அதன் வேர்களுக்கு நடுவேதான் எறாக் குஞ்சு வளர்ந்து ஆற்றுக்கு வந்தது.

அதனால் கண்டலைத் தொட்டவனுக்குப் பாடு கிடையாது. இது ஊர்க் கட்டுப்பாடு. வழக்கு, வக்கீல், வாய்தா ஒன்றும் வேண்டாம். அம்மன் வாசலில் நின்று தன் வாயால் 'வெட்டினேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. பார்த்தவர்கள் வந்து இல்லை என்று சொன்னாலொழிய, அங்கே சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வாசலில் எவனும் பொய் சொன்னதாகவும் ஊரில் பேச்சில்லை. எல்லாரும் அரிச்சந்திரன்கள் என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டிய பொய்யை வேறு இடத்தில் சொல்லி முடித்துவிட்டு அங்கே வருவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், வெயில் காலத்தில், மனோகரன் வந்து சேர்ந்தான். அடையாறில் ஆபீஸ், தோளில் லேப்டாப் பை, சேற்றில் இறங்கவே கூடாத வெள்ளை ஷூ. காடு காக்கும் திட்டங்களைத் தயார் செய்து வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் சேர்க்கிறவன். டீக்கடையில் ஊர்த் தலைவர் தேசிங்குவிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னான். பெயிண்ட் கம்பெனி அங்கே விடுகிற புகையை நிறுத்த வேண்டாமாம். அதற்குப் பதிலாக இங்கே ஒரு காட்டைக் காப்பாற்றினால் போதுமாம். வெட்டியிருந்தால் அந்த மரங்களிலிருந்து எவ்வளவு கரி வானத்துக்குப் போயிருக்குமோ, அவ்வளவையும் கம்பெனி தன் புகைக் கணக்கில் கழித்துக்கொள்ளுமாம். பதிலுக்கு ஊருக்கு ஆறு காவலர் வேலை, நிரந்தரமாக.

தேசிங்குவின் மார்பு விரிந்தது. "நீ சரியான எடத்துக்குத்தான் வந்துகீறே சார். இந்தக் காட்டுல ஒரு குச்சியக்கூட எவனும் தொட மாட்டான். பெத்த தாயாட்டம் பார்த்துகினுகீறோம்."

மனோகரனின் முகம் சாவுச் செய்தி கேட்டதுபோல் ஆயிற்று. "ஐயோ தலைவரே, அதை மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன் சார்?"

"நீங்க எப்படியும் வெட்ட மாட்டீங்கன்னா, திட்டம் எதைக் காப்பாத்துச்சு? வெட்டப் போற காட்டை வெட்டாம தடுத்தாத்தான் கணக்குல வரும். விதி அப்படி."

"அப்போ ஒழுங்கா பார்த்துகினவனுக்கு ஒண்ணியும் கெடியாதா?"

"ஒழுங்கா இருக்கறவங்க ஒழுங்காவே இருப்பாங்களே தலைவரே."

தேசிங்கு யோசித்தார். "பக்கத்துல குழாயாண்ட ஒரு காடு பூரா செத்துப் போய் நிக்குது. அத்தயாவது காப்பாத்தேன்."

"செத்ததை எப்படிக் காப்பாத்தறது? அந்தக் கார்பன் கணக்குல வராதே."

"செத்தா ஆவாது. நல்லாகீதுன்னாலும் ஆவாது. அப்போ இன்னாதான் வோணும் உனக்கு?"

"சாகப் போற காடு வேணும்."

"இதுவும் சாவத்தான் சார் போவுது. சாம்பலு கொஞ்சம் கொஞ்சமா வந்துகினேகீதே!"

மனோகரன் இதற்கும் பதில் வைத்திருந்தான். சாம்பலை நிறுத்தத் திட்டத்தால் முடியாது. நிறுத்த முடியாத ஆபத்து, திட்ட எல்லைக்கு வெளியே. காவல் போட்டு நிறுத்தக்கூடிய ஆபத்தாக இருந்தால்தான் கணக்கு நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், கையில் கத்தியோடு ஒரு மனிதன் வேண்டும்.

பெரிய பெரிய மனிதர்கள் குளிர்சாதன அறையில் கூடி எழுதிய விதி. குறை சொல்ல நமக்கு யோக்கியதை போதாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. தினம் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன் ஒரு நாள் அடிக்காமல் இருந்தால் அவனுக்கு மாலை மரியாதை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கை ஓங்காதவன் வந்து நின்றால், 'நீ எப்படியும் அடித்திருக்க மாட்டாயேப்பா' என்று ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். கொக்குமேடு பல தலைமுறையாகக் கை ஓங்காத ஊர். அதுதான் அது செய்த தப்பு.

ஆறு வேலை என்றால் ஆறு வீட்டு அடுப்பு. தேசிங்கு ஆட்களைக் கூட்டினார். திட்டத்துக்கு மரவெட்டி ஒருவன் தேவை, கணக்குப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். எல்லார் கண்ணும் ஒரே மீசையின் மேல் போய் நின்றது.

"நானா? இன்னா நைனா, என் மூஞ்சியப் பார்த்தா அப்படியா கீது?" என்றான் குமாரவேல்.

"மூஞ்சியப் பார்த்தா அப்படித்தாண்டா கீது. அதான் உன்னியக் கூப்புடறேன்," என்றார் தேசிங்கு. "சும்மா வேஷந்தான். நாலு வார்த்த உதார் வுடு. மொத காவலர் வேல உனுக்குத்தான். நான் சொல்றேன்."

குமாரவேலுக்கு அந்த வேலை மேல் ஆசை வந்தது. பாடு நாட்களில் மட்டும் வலை கட்டி, மற்ற நாட்களில் வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. காட்டுக்குள் சுற்றிவர ஒருத்தன் சம்பளம் கொடுக்கிறான் என்றால் கசக்குமா? தலையாட்டிவிட்டான். முத்தம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "வேஷம் போடறது கூத்துல போடு. கணக்குக்காரன் முன்னாடி இன்னாத்துக்கு?" என்றாள். அவள் கூடை மீன் தூக்கித் திருவொற்றியூர் வரை நடந்து விற்கிறவள். யார் எந்தக் கணக்கை எதற்குக் கேட்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் அதிகம்.

வெட்டினதற்கு அடையாளம் வேண்டுமே? அதற்கும் மனோகரன் வழி சொன்னான். குழாய் ஓரம் சாம்பலில் செத்து நின்ற மரங்களை அடியோடு அறுத்துவிட்டால், வெட்டிய கட்டைபோல் ஆகிவிடும். ஊர்க்காரர்கள் அதைக்கூடத் தொடவில்லை. செத்தாலும் கண்டல் கண்டல்தான் என்று விலகி நின்றார்கள். கடைசியில் வெளியூர்க் கூலிகள் ரம்பத்தோடு வந்து அறுத்துக் கொடுத்தார்கள். அன்று முதல் எண்ணூரில் சாம்பல் செய்த கொலைகளுக்கெல்லாம் குமாரவேல் பொறுப்பாளி ஆனான். சாம்பலுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க மாட்டான்.

மழைக்கு முன்னால் தணிக்கைக்காரி வந்தாள். பெங்களூரிலிருந்து வந்த மலிகா. தமிழ் நன்றாகத் தெரியும். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள். சேறு என்று பார்க்காமல் முழங்கால் வரை இறங்கினாள், அறுத்த கட்டைகளைப் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினாள், கொடுத்த மோரை முழுதாகக் குடித்தாள்.

கூட்டத்தை வலை பின்னும் கூடத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். தகரக் கூரை. உள்ளே கருவாடு தானாகவே காயும் அளவுக்குச் சூடு. மலிகா கொஞ்ச நேரம் நெற்றியைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே கையைக் காட்டி, "அந்த மரத்தடியில உட்காரலாமே? நல்ல நிழலா இருக்கு," என்றாள்.

அவள் காட்டியது எல்லையம்மன் கோயில் வாசல்.

வந்த விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் கொக்குமேட்டில் இல்லை. அவள் வாயை மூடுவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேல் பறந்து போய் வாசலில் உட்கார்ந்தன. வேலை நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற பரபரப்பில் எவனுக்கும் இடம் உறைக்கவில்லை. முத்தம்மாவுக்கு உறைத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து புருஷன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"யோவ், இங்க வாணாம்யா. வேற எங்கனாச்சும் குந்தச் சொல்லு."

"சும்மா இரு மே. அந்தம்மாவே கேக்கறாங்கோ. நீ வேற பேஜாரு பண்ணாதே," என்று தேசிங்கு அவளைத் தள்ளி நிறுத்தினார்.

மலிகா கேட்டாள்: "இந்தத் திட்டம் வரலைன்னா, நீங்க மரம் வெட்டறதை நிறுத்துவீங்களா?"

குமாரவேல் எழுந்தான். கூட்டத்தைப் பார்த்தவுடன் அவனுக்குள் இருந்த கூத்தாடி முழித்துக்கொண்டான். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினான்.

"நிறுத்தறதா? நாளிக்கே வெட்டுவேம்மா! அதோ மொட்ட மொட்டயா கீதே, அல்லாம் நம்ம கைதான். வெறகுக்கு வெட்டினேன், வேலிக்கு வெட்டினேன், சொம்மா குந்திகினுருக்க கடுப்பா கீதுன்னு கூட வெட்டினேன். இப்படியே வுட்டா இன்னும் ரெண்டு வருசத்துல இந்த எடத்துல ஒரு கொக்கு குந்தக் குச்சி இருக்காது, ஆமா!"

"காவல் போட்டா?"

"போட்டா இன்னா பண்றது? அடங்கிக் கெடக்க வேண்டியதுதான்."

மனோகரன் பிள்ளை பாஸானதுபோல் சிரித்தான். இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதற்காக மலிகா குமாரவேலின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ஊர் கைதட்டியது. கோயில் கதவு திறந்திருந்தது. அதைப் பார்த்தபடி முத்தம்மா மட்டும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மழை முடிந்து திட்டம் வந்துவிட்டது. காட்டைச் சுற்றிப் பச்சைக் கம்பி வேலி, வாசலில் பெயிண்ட் கம்பெனியின் பெரிய போர்டு. போர்டில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்றை ஏந்திச் சிரித்தது. கொக்குமேட்டில் பிள்ளைகளுக்குப் பஞ்சம் போலிருக்கிறது.

காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில் குமாரவேல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றான். மனோகரன் அவனைத் தனியாக ஓரம் கட்டினான்.

"உங்களை எடுக்க முடியாதுங்க. கணக்குல நீங்கதான் ஆபத்து. ஆபத்தையே காவலுக்கு வச்சா மலிகா மேடம் திட்டத்தையே ரத்து பண்ணிடுவாங்க."

"யோவ், அது வேஷம்னு உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். கணக்குக்குத் தெரியாதே." கொஞ்சம் இரக்கம் வந்து தொடர்ந்தான்: "இன்னொண்ணு. இனிமே நீங்க வேலிக்குள்ள கால் வைக்கக் கூடாது. உங்களைத் தடுத்து நிறுத்தறதுதான் திட்டமே. ஆனா உங்க குடும்பத்துக்குப் பிழைப்பு காட்டியாகணும். இல்லைன்னா இங்க வெட்ட முடியாத நீங்க பக்கத்து ஊர்ல போய் வெட்டிடுவீங்க. அதுக்கு லீக்கேஜ்னு பேரு, மார்க் போயிடும். அதனால உங்க வீட்டம்மாவுக்கு ஒரு காவலர் வேலை."

குமாரவேல் கேட்டான்: "அப்போ என்னாண்டயிருந்து காட்டக் காப்பாத்த என் பொண்டாட்டிக்குச் சம்பளமா?"

"கரெக்ட்டாப் புரிஞ்சிக்கிட்டீங்க," என்றான் மனோகரன்.

முத்தம்மா புடவை மேல் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வேலி வாசலில் உட்கார்ந்தாள். கூடை தூக்கித் தூக்கி வழுக்கை விழுந்த உச்சித் தலைக்கு முதல் தடவையாக ஓய்வு கிடைத்தது. மத்தியானம் குமாரவேல் அவளுக்குக் கூழும் கருவாடும் கொண்டுவருவான். தூக்குச் சட்டியை வேலி மேலாக நீட்டிவிட்டு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போவான். ஊரே பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான். வேலை போனால் போகட்டும், அவனுக்கு இன்னும் பாடு இருந்தது. வலை கட்டும் இடம் வேலிக்கு வெளியேதான்.

இடையில் ஒரு நாள் சாம்பல் குழாய் மறுபடி வெடித்தது. சாம்பல் குழம்பு வேலிக்கு அடியில் புகுந்து ஒரு பக்கத்து வேர்களை மூடியது. முத்தம்மா விசில் ஊதினாள். சாம்பல் நிற்கவில்லை. மனோகரனுக்குப் போன் போட்டாள்.

"அது எல்லைக்கு வெளிய இருக்கற பிரச்சனைங்க," என்றான் அவன். "நீங்க உங்க வீட்டுக்காரர் மேல மட்டும் ஒரு கண்ணு வைங்க."

பங்குனி வந்தது. அம்மன் வாசலில் ஊர் கூடியது. பெயர்ச் சீட்டுகளைச் சுருட்டிக் குடத்தில் போட்டார்கள். குமாரவேல் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். குடம் காலியாகும் வரை அவன் பெயர் வரவில்லை.

"எம் பேரு எங்க தலைவரே? சீட்டு கீழ வியுந்திருக்கும், பாரு."

தேசிங்கு அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உம் பேரு போடல குமாரு. நீ கண்டல் வெட்டினேன்னு சொல்லிகீறே. கட்டுப்பாடு உனக்குத் தெரியும்."

"இன்னாது? நீதானே சொல்லச் சொன்னே!"

"நான் எங்க சொன்னேன்? டீக்கடையாண்ட சொன்னேன். நீ எங்க சொன்னே? அம்மா வாசல்ல சொன்னே. நானா உன்ன இங்க நின்னு சொல்லச் சொன்னேன்? பெரியவங்க கேக்கறாங்கோ. நான் இன்னா பண்ணட்டும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு வாயைத் திறந்து வைத்ததே ஊர்தான். குமாரவேல் எழுந்தான். வாசலில் நடுவாக வந்து நின்று, செருப்பில்லாத கால்களைச் சேர்த்துக்கொண்டு, அம்மனைப் பார்த்துக் கை கூப்பினான்.

"அம்மா, நான் வெட்டல. ஒரு குச்சி தொடல. அன்னிக்கு உன் வாசல்லியே நின்னு பொய் சொன்னேன். ஆறு வூட்டு வேலைக்கோசரம் சொன்னேன். அதுக்கு நீ என்னிய இன்னா வேணா பண்ணு. எம் பாட்ட மட்டும் கொடுக்கச் சொல்லு."

அவன் சொன்னது உண்மை என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான் தொந்தரவு. மறுமாதம் மலிகா மறுபடி வரப்போகிறாள். ஊரே கூடி 'இவன் வெட்டவே இல்லை' என்று பாட்டைத் திருப்பிக் கொடுத்த சேதி அவள் காதில் விழுந்தால், திட்டமும் இல்லை, வேலியும் இல்லை, ஆறு வேலையும் இல்லை. மரவெட்டி இல்லாத ஊருக்கு எவன் காவல் போடுவான்?

இப்படி ஒருத்தன் சொன்ன சொல்லை மறுத்தால், பார்த்தவர்களைக் கேட்பது வழக்கம். தேசிங்கு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "நான் பார்த்தேன்," என்றார். "வெட்டினான்."

தேசிங்குவின் இளைய மகன் காவலர்களில் ஒருவன். அவனும் எழுந்து, "வெட்டினான்," என்றான். அப்புறம் முத்தம்மா தவிர மற்ற காவலர்கள், காவலர்களின் அண்ணன் தம்பிகள். முதல் பொய்க்குத்தான் அம்மன் பயம். இரண்டாவது பொய்க்கு முதல் பொய் துணைக்கு நிற்கிறது. பல தலைமுறையாகப் பொய் விழாத வாசலில், அன்று சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. குமாரவேல் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். யாரையும் அவன் திட்டவில்லை. அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"ஊரு சொன்னது போதாது," என்றார் ஒரு பெரியவர். "கூட இருக்கறவ சொல்லட்டும். முத்தம்மா, நீ சொல்லு. உன் புருசன் கண்டல் வெட்டினானா, இல்லியா?"

குமாரவேலின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவனுக்கு அப்போதே பாடு கிடைத்துவிட்டது போலிருந்தது. முருங்கைக் கிளைக்காகத் தன்னோடு சண்டை போட்டவளுக்கா தெரியாது?

முத்தம்மா காக்கிச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசற்படிக்கு மிக அருகில் போனாள். மற்றவர்கள் யாரும் அவ்வளவு கிட்டே போய் நின்று சொல்லவில்லை. கை கூப்பாமல், தலை குனியாமல் அம்மனைப் பார்த்துச் சொன்னாள்.

"வெட்டினாரு. நான் கண்ணால பார்த்தேன்."

அதற்கு மேல் பேச்சில்லை. தேசிங்கு கற்பூரம் ஏற்றினார். ஊர் அவசர அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தது.

வீட்டுக்கு வந்து குமாரவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கத்துவான், அடுப்பை உதைப்பான், பானையை உடைப்பான் என்று பக்கத்து வீட்டார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தாழ்ந்த குரலில்தான் கேட்டான்.

"அவனுங்கோ சொன்னானுங்கோ, வேலைக்கோசரம். நீயுமா மே?"

முத்தம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அவன் எதிரில் வந்து குந்தினாள்.

"வேலைக்கோசரமுந்தான்யா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அது போச்சுன்னா நாளிக்கு இந்த உலை கொதிக்காது." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா அது மட்டும் இல்ல. நீ வெட்டலன்னா, அம்மா வாசல்ல நின்னு பொய் சொன்னவன் நீ. அத்த அவ உன்னாண்ட கேப்பா. எப்படிக் கேப்பான்னு உனக்குத் தெரியாதா? தண்ணியில போறவன்யா நீ. இப்போ நீ மொதல்ல சொன்னது நெசம்னு ஆயிப்போச்சு, அப்பால இல்லேன்னது செல்லாது. பொய் சொன்னவ நான். கேக்கறத என்னாண்ட கேக்கட்டும். நான் தரையில கீறேன்."

ஒருத்தன் விடுகிற புகையை வேறொரு இடத்தில் கழித்துவிடலாம் என்று எழுதியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். அந்தக் கணக்கில் பாரம் கடைசியாக யார் தலையில் இறங்குகிறது என்பதை அவர்கள் எழுதவில்லை. முத்தம்மா கேட்காமலே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கூடை தூக்கிப் பழகியவள்.

குமாரவேல் அழுதான். அவள் அழவில்லை. சோறு பொங்கி வந்ததும் எழுந்து போய் வடித்தாள்.

மறுநாள் பாடு வேறொருவனுக்கு. அவனுடைய வலையை இழுக்கக் கூலி ஆள் தேவைப்பட்டது, குமாரவேல் போனான். காட்டோரம் முழங்கால் தண்ணீரில் நின்று அடுத்தவன் கயிற்றைப் பிடித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் முத்தம்மா உட்கார்ந்து, தனக்கு இட்ட வேலைப்படி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.